கேஎல்ஐஏவில் ஒரு சர்வாதிகாரி வந்து இறங்கினால்?

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்னக் கூட்டத்தில் பேசினேன். முடியும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. மண்டபத்துக் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அப்போது பார்த்து பின்வரிசையிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுந்து மூச்சுவிடாமல் மூன்று கேள்வி கேட்டார். சர்வாதிகாரிகளைச் சட்டம் உண்மையிலேயே பிடிக்கிறதா, இல்லை தோற்றவனை ஜெயித்தவன் தண்டிப்பதற்குத்தான் இந்தப் பெயரா? பிலிப்பைன்ஸின் டுத்தெர்த்தேயைப் பிடித்தார்கள், இந்தோனேசியாவின் சுகார்த்தோவை ஏன் தொட முடியவில்லை? அப்படி ஒருவர் நாளைக்கு நம் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் வந்து இறங்கினால் நம் போலீஸ் கைவிலங்கு போடுமா? உட்காரப் போனவர் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார்: "எங்க தாத்தாவோட அண்ணன் சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பவே இல்ல சார். வீட்ல ஒரு போட்டோ மட்டும் இருக்கு. அதுக்கு யார் மேல கேஸ் போட்டாங்க?"

வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். டீச்சர், கொஞ்சம் நீளம்தான். கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தது. அங்கே வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000க்கும் மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பார்கள்: சீராக வெட்டிய புல், ஏறக்குறைய 7,000 கல்லறைகள், அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் கல்லில் பெயரும் படைப்பிரிவும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ் ஆட்கள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கோ புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. ராணுவம் தன் ஆளைப் பெயர் சொல்லி எண்ணும். தோட்டத்து ஆளை எண்ணியது தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் செக்ரோல், அதாவது ஆள்பதிவேடு, மட்டும்தான். லாரியில் ஏற்றியபிறகு அவனை எண்ண யாருமில்லை.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உட்கார்ந்தன. ரயில் பாதைக்காகவும் வழக்கு நடந்தது. ஆனால் பெரும்பாலானவை போர்க்கைதிகளைப் பற்றியவை. 'எஃப் ஃபோர்ஸ்' என்ற கைதிக் குழுவில் சுமார் 7,000 பேர் போனார்கள், 3,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. அதற்கு 1946இல் சிங்கப்பூரில் தனி விசாரணை. சாட்சி சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள், கையில் பெயர்ப்பட்டியலும் இருந்தது. ஈப்போவில் சிபில் கார்த்திகேசுவைச் சித்திரவதை செய்த ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெத்தாயின் சார்ஜெண்ட் யோஷிமுராவுக்கும் மரண தண்டனை விழுந்தது. அங்கேயும் அடித்தவன் யார், அடிபட்டவர் யார் என்று இரண்டு பெயரும் தெரியும். உங்கள் தாத்தாவின் அண்ணனுக்காக யார் மேலாவது கேஸ் போட்டிருப்பார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. குற்றம் சின்னது என்பதால் அல்ல. எழுதி வைத்த பெயர் இல்லாததால். இனி நான் சொல்லப் போகிற எல்லாவற்றிலும் இந்த எழுதி வைத்த பெயர் வந்துகொண்டே இருக்கும்.

சரி, தோற்றவனுக்கு மட்டும்தானா சட்டம்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. நம் ஊர்க் கதையே இருக்கிறது. மலாயாவைப் பிடித்த, 'மலாயாவின் புலி' என்ற ஜப்பானிய ஜெனரல் யமாஷித்தாவை ரயில் பாதைக்காகவோ மலாயாவில் நடந்தவற்றுக்காகவோ தூக்கில் போடவில்லை. கடைசிக் காலத்தில் அவர் பிலிப்பைன்ஸில் தளபதி. அவருடைய படைகள் அங்கே செய்த படுகொலைகளுக்காக அமெரிக்க ராணுவ ஆணையம் 1945 டிசம்பர் 7ஆம் தேதி தண்டனை கொடுத்தது. 1946 பிப்ரவரியில் தூக்கு. அவர் உத்தரவு போட்டார் என்று நிரூபிக்கவில்லை. தடுக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர் தடுக்கவில்லை என்பதே குற்றம். தொடர்பே அறுந்து கிடந்த படையை அவர் எப்படித் தடுத்திருப்பார் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டு நீதிபதிகள் மாறுபட்டு எழுதினார்கள். முப்பது வருடமாகக் கோர்ட் படி ஏறி இறங்குகிறவன் நான், அந்த வழக்கைப் படித்தால் எனக்கு இன்றும் உறுத்தும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தவன் அவசரத்தில் செய்த அந்தக் கத்தியைத்தான் பிறகு சாணை பிடித்து, 'தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும் தடுக்காத மேலதிகாரி' என்று வரம்பு கட்டி, அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தின் 28ஆம் பிரிவாக வைத்திருக்கிறார்கள். 'நான் சுடச் சொல்லவில்லை, போலீஸ்காரன் சுட்டான்' என்று எந்தத் தலைவர் சொன்னாலும் முதலில் எடுப்பது அதைத்தான்.

தோற்காத ஒருவரைச் சட்டம் தொட்டது பினோச்செட் விஷயத்தில். சிலியில் 1973 முதல் 1990 வரை ஆட்சி. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 3,000க்கும் மேல். பதவியை விட்டு இறங்கும்போதே தனக்கு வேண்டிய கட்டுக்காவல் எல்லாம் செய்துகொண்டுதான் இறங்கினார்: 1978இல் தானே போட்ட பொது மன்னிப்புச் சட்டம், பிறகு ஆயுள் முழுக்க செனட்டர் பதவி. முதுகு அறுவை சிகிச்சைக்காக லண்டன் போனவரை 1998 அக்டோபர் 16ஆம் தேதி இரவு, ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கைது செய்தார்கள். வாரண்ட் ஸ்பெயின் நீதிபதி கார்சோனுடையது. முன்னாள் நாட்டுத் தலைவருக்கு வழக்கிலிருந்து விலக்குரிமை உண்டா என்பதுதான் வழக்கே. 1999 மார்ச்சில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஆறுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னார்கள்: சித்திரவதை ஒரு நாட்டுத் தலைவரின் அலுவல் ஆகாது. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகள் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. நாற்காலியில் இருக்கும்வரை வேறொரு நாட்டு நீதிமன்றம் அவரைத் தொட முடியாது. நாற்காலியை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து கணக்கு வேறு. சிரியாவின் அசாத்தைப் பாருங்கள். பிரான்ஸ் 2023இல் அவருக்கு வாரண்ட் போட்டது. அப்போது அவர் அதிபர் என்ற ஒரே காரணத்தால் 2025 ஜூலையில் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்போது பதவியில் இல்லை, புதிதாக வாரண்ட் போடலாம் என்றும் சேர்த்தே சொன்னது. அவர் மாஸ்கோவில் இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

பினோச்செட் கதைக்குத் திரும்பினால், லண்டனில் 503 நாள் காவலில் இருந்தவரை உடம்பு சரியில்லை என்று பிரிட்டன் திருப்பி அனுப்பிவிட்டது. சந்தியாகோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இறங்கியவர், ஆதரவாளர்களைக் கண்டதும் எழுந்து நடந்தார். நம் ஊரில் திங்கட்கிழமை எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டவன் செவ்வாய்க்கிழமை கால்பந்து ஆடுவானே, அதுபோல. அதோடு நிற்கவில்லை. மறதி நோய் என்று சிலி நீதிமன்றம் அவரை விட்டுவிட்ட பிறகு, 2003இல் மியாமி தொலைக்காட்சி ஒன்றுக்குத் தெளிவாகப் பேட்டி கொடுத்தார். அந்தப் பேட்டியும் சேர்ந்துதான் மறுபடி அவருடைய விலக்குரிமை போனது. 2006 டிசம்பர் 10ஆம் தேதி, மனித உரிமை நாளன்று, தண்டனை எதுவும் பெறாமலே இறந்தார்.

அப்படியென்றால் தோல்விதானே என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் சிலி நீதிபதி குஸ்மான் பிடித்த ஒரு நூல். பொது மன்னிப்புச் சட்டம் 1978க்கு முன்னால் நடந்து முடிந்த குற்றங்களுக்குத்தான். சரி, காணாமல் போனவர் எங்கே? உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவரை அது கொலை இல்லை, ஆள்கடத்தல். ஆள்கடத்தல் என்பது கடத்தியவன் ஆளைக் காட்டும்வரை நடந்துகொண்டே இருக்கும் குற்றம். 1978இல் முடியாத குற்றத்துக்கு 1978இன் மன்னிப்பு எப்படிப் பொருந்தும்? உடலை ஒளித்தவர்களுக்கு அந்த ஒளித்தலே வினையாகிவிட்டது. இந்த வாதத்தை முதல்முறை படித்த அன்று ஜாலான் டூத்தா கோர்ட் கேன்டீனில் என் தே தாரேக் ஆறிப்போனது இன்னும் நினைவிருக்கிறது. பினோச்செட் தப்பினாலும் அவருடைய ரகசியப் போலீஸ் தலைவரும் அதிகாரிகள் பலரும் உள்ளே போனதற்கு இந்த நூல் பெரிய துணை.

ஆனால் நீங்கள் ஒரே ஒரு வழக்கைத்தான் படிப்பேன் என்றால், ஹிசேன் ஹப்ரே வழக்கைப் படியுங்கள். ஆப்பிரிக்காவில் சாட் என்ற நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்டவர். தலைநகர் என்ஜமெனாவில் பிரெஞ்சுக்காரன் காலத்து நீச்சல் குளம் ஒன்று இருந்தது. அதன்மேல் கான்கிரீட் கூரை போட்டு, உள்ளே சிறு சிறு அறைகளாகத் தடுத்து, பூமிக்கடியில் சிறையாக்கினார்கள். ஹப்ரேயின் சிறைகளில் இரண்டு வருடத்துக்கும் மேல் கிடந்தவர்களில் ஒருவர் சுலைமான் கெங்கெங். அரசியல்வாதி இல்லை, கணக்காளர். பக்கத்தில் படுத்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்து, வெளியே போனால் இதைச் சொல்வேன் என்று சத்தியம் செய்துகொண்டார். 1990 டிசம்பரில் ஹப்ரே செனகலுக்கு ஓடியதும் வெளியே வந்தவர், கணக்காளர் செய்வதைச் செய்தார். வீடு வீடாகப் போய் 792 பேரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். பழைய ஆட்கள் திரும்பவும் பதவிகளில் உட்கார்ந்ததால் அந்தத் தாள்களைப் பல வருடம் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்.

இரண்டாவது குவியல் தற்செயலாகக் கிடைத்தது. 2001இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் வழக்கறிஞர் ரீட் பிராடியும் கூட வந்தவர்களும், கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் கட்டடத்துக்குள் நுழைந்தால் தரை முழுக்கத் தாள்: கைதிகளின் பட்டியல், விசாரணைக் குறிப்பு, சாவுச் சான்று. பல வருடத் தூசியில், யாரும் எரிக்கக்கூட மெனக்கெடாமல் கிடந்தன. பிரித்து எண்ணியபோது 12,321 பேரின் பெயர்கள் வந்தன. அவர்களில் 1,208 பேர் காவலில் இறந்தவர்கள். ஹப்ரேக்கே நேராகப் போன தகவல்கள் 1,265. 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் அந்த எண்ணிலேயே முடிந்தது. கொடுமைக்காரர்கள் ஏன் இப்படி எழுதி வைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அங்கே வேலை செய்கிறவனும் ஓர் அரசாங்க ஊழியன்தானே. மேலிடத்துக்குக் கணக்குக் காட்டாவிட்டால் அவன் கழுத்துக்குக் கத்தி.

இருந்தும் சுலபமாக நடக்கவில்லை. 2000இல் டக்காரில் கொடுத்த புகாரைச் செனகல் நீதிமன்றம் மறு வருடமே தள்ளியது. பாதிக்கப்பட்டவர்கள் பெல்ஜியத்துக்குப் போனார்கள். பெல்ஜியம் ஆளைக் கேட்டது, செனகல் இழுத்தடித்தது. கடைசியில் 2012 ஜூலையில், நாடுகளுக்கிடையே உள்ள தகராறுகளை விசாரிக்கும் அனைத்துலக நீதிமன்றம், ஒன்று நீயே விசாரி, இல்லை ஒப்படை என்று சொன்னது. செனகலில் ஆட்சியும் அப்போதுதான் மாறியிருந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உடன்பாட்டோடு டக்காரிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. விசாரணைக்கு வரமாட்டேன் என்று கத்தியவரைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 2016 மே 30ஆம் தேதி ஆயுள் தண்டனை. ஓர் ஆப்பிரிக்கத் தலைவரை இன்னோர் ஆப்பிரிக்க நாடு விசாரித்துத் தண்டித்தது. 2021இல் கோவிட் வந்து இறக்கும்வரை அவர் கைதிதான். நீதிமன்றம் சொன்ன நஷ்டஈட்டுக்கோ பாதிக்கப்பட்டவர்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

இப்போது சுகார்த்தோ. நமக்குப் பக்கத்து வீடு. 1965, 66இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று வேட்டையாடிக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது ஐந்து லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. அதற்காக அவர் மேல் வழக்கே இல்லை. 2000இல் போட்டது பண வழக்கு, 57 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர். அதுவும் உடல்நிலை காரணமாக அந்த வருடமே நின்றது. மறுபடியும் எம்சி. 2008இல் இறந்தார், 2025 நவம்பரில் தேசிய வீரர் பட்டமும் கொடுத்துவிட்டார்கள். ஏன் தொட முடியவில்லை என்றால், அவர் இறங்கினாரே தவிர அவர் கட்டிய வீடு இடியவில்லை. ராணுவம் அதே ராணுவம், கட்சி அதே கட்சி. 1965இல் அவர் யாருக்கு வேண்டியவராக இருந்தாரோ அந்தப் பெரிய நாடுகளுக்கும் பழைய கோப்பைத் திறக்க ஆசையில்லை.

பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸ் விஷயத்தில் ஆள் கிடைக்கவில்லை, பணம் கிடைத்தது. ஹவாய்க்கு ஓடி 1989இல் அங்கேயே இறந்தார். அதே ஹவாய் நீதிமன்றத்தில் 9,539 பேர் சேர்ந்து போட்ட சிவில் வழக்கில் ஏறக்குறைய 200 கோடி டாலர் தீர்ப்பு. முதல் காசோலை வந்தது 2011இல், ஆளுக்கு 1,000 டாலர். சிரிக்காதீர்கள். சுவிஸ் வங்கிகளிலிருந்து திரும்பிய பணத்தில் 1,000 கோடி பெசோவை ஒதுக்கி 2013இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி 11,103 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று அரசாங்கமே பெயரோடு ஏற்றது. மார்க்கோஸின் மகன் இன்று அதிபராக இருந்தாலும் அந்தப் பட்டியலை அழிக்க முடியாது.

அந்த மகனின் ஆட்சியில்தான் டுத்தெர்த்தே பிடிபட்டார். அவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர் என்பதால் சர்வாதிகாரி என்று சொல்லத் தயங்குவேன். ஆனால் போதைப்பொருள் வேட்டை என்ற பெயரில் நடந்த கொலைகளுக்கான வழக்கின் தன்மை அதுதான். 2025 மார்ச் 11ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து மணிலா வந்து இறங்கியவரை அன்றே விமானம் ஏற்றி, அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் ஹேக்குக்கு அனுப்பிவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் 2019லேயே அந்த நீதிமன்றத்திலிருந்து விலகிவிட்டதே என்பார்கள். உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்தது எதுவோ, அது நீதிமன்றத்தின் கையில்தான். நேர்மையாகச் சொன்னால், மார்க்கோஸ், டுத்தெர்த்தே என்ற இரண்டு குடும்பத்துக்கும் கூட்டு முறிந்திருக்காவிட்டால் அந்த விமானம் கிளம்பியிருக்காது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலும் இங்கேதான். கதவைத் திறப்பது அரசியல், பெரும்பாலும் அசிங்கமான அரசியல். ஆனால் கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அப்போது உள்ளே போகத் தாள் தயாராக இருக்க வேண்டும். மணிலாவின் சேரிகளில் தாய்மார்களும் பாதிரியார்களும் செய்தியாளர்களும் முன்பே எழுதி வைத்திருக்காவிட்டால், வாரண்டில் எந்தப் பெயரைப் போட்டிருப்பார்கள்?

அதற்காக, கதவு திறந்தால் எது செய்தாலும் நீதி என்று நான் சொல்லமாட்டேன். 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்தின் முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு, ஆள் இல்லாமலே, மரண தண்டனை விதித்தார்கள். 1971 போர்க்குற்றங்களுக்காக 2010இல் அவரே அமைத்த நீதிமன்றம் அது. அப்போது அவர் செய்த அவசரம் இப்போது அவருக்கே திரும்பியிருக்கிறது. குற்றம் சின்னது என்று நான் சொல்லவில்லை. தூக்குக் கயிறும் காலி நாற்காலியும் சேர்ந்தால், ஆளை ஒப்படைக்க விரும்பாத நாட்டுக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடுகிறது.

இனி கேஎல்ஐஏ. சுருக்கமாகச் சொன்னால், காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். 2019 மார்ச் 4ஆம் தேதி நாம் ரோம் சாசனத்தில் சேர்ந்தோம், ஏப்ரல் 29ஆம் தேதி விலகினோம். எட்டு வாரம். மாமன்னர் ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதி, அவரையே ஹேக்குக்கு இழுப்பார்கள் என்று கிளப்பிய பயத்தில் அரசாங்கம் பின்வாங்கியது. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்திலும் நாம் இல்லை. பினோச்செட்டைப் பிடித்த கயிறே நம்மிடம் கிடையாது. இதே கோலாலம்பூரில்தான் 2011இல் இராக் போருக்காக புஷ்ஷையும் பிளேரையும் குற்றவாளிகள் என்று ஒரு தனியார் தீர்ப்பாயம் அறிவித்தது. அதன் பின்னால் இருந்தவர் நம் முன்னாள் பிரதமர் துன் மகாதீர். 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையில்லாமல் பிடித்தபோது உள்துறை அமைச்சரும் அவரே. அந்தத் தீர்ப்பைச் செயல்படுத்தும் அதிகாரம் யாருக்கும் இல்லை. மண்டப வாடகையைத் தவிர வேறு எதையும் அதனால் வசூலிக்க முடியாது.

ஆனால் ஒரு சின்னச் சாவி நம்மிடம் உண்டு: 1962ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தச் சட்டம். போர்க்காலத்தில் நடந்த சில கடும் குற்றங்களை, எந்த நாட்டுக்காரர் எங்கே செய்திருந்தாலும், இங்கே விசாரிக்க அது இடம் தருகிறது. வழக்குப் போடுவது சட்டத்துறைத் தலைவர் கையில், அதனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. 2022 ஜூலையில் இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச தப்பி சிங்கப்பூருக்கு வந்தபோது, போர் முடிந்த 2009இல் அவர் பாதுகாப்புச் செயலாளராக இருந்ததைக் குறிப்பிட்டு, இதே மாதிரியான சிங்கப்பூர்ச் சட்டத்தின் கீழ் 63 பக்கப் புகார் ஒன்றை அங்குள்ள சட்டத்துறைத் தலைவரிடம் ஓர் அமைப்பு கொடுத்தது. கைது நடக்கவில்லை, ஆகஸ்டில் தாய்லாந்து போய்விட்டார். எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது 63 பக்கம் என்பதுதான். ஆள் வந்து இறங்கி பத்து நாளில் 63 பக்கம் எழுத முடியாது. யாரோ முன்பே பெயர், தேதி, இடம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். இலங்கை பற்றிய ஆதாரங்களைச் சேர்த்துப் பாதுகாக்க 2021இலிருந்து ஐநா மனித உரிமை அலுவலகத்திலும் ஒரு பிரிவு வேலை செய்கிறது.

டீச்சர், உங்கள் போட்டோவுக்கு வருவோம். அதற்கு எந்தக் கோர்ட்டும் இனித் திறக்காது, குற்றவாளிகள் எப்போதோ இறந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு வேலை இருக்கிறது. போட்டோவைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து மெதுவாக எடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்: முழுப்பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம், லாரி வந்தது எந்த மாதம், கூடப் போனவர்கள் யார் யார். சொல்வதைப் பின்பக்கத்தில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல். எழுதியதும் கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள். கூடப் போனவர்களின் பெயர்களை மறக்காமல் கேளுங்கள். அவர்கள் வீட்டில் போட்டோகூட இருக்காது.